கரப்பானுக்கும் நண்டுக்கும் வலிக்குமா என்று கேட்டவர்கள்

எங்கள் விலங்கியல் துறையில் இப்போது உதவிப் பேராசிரியையாக இருக்கும் கவிதா போன மாதம் போன் செய்தாள். கரப்பான்பூச்சியை அறுத்துப் பார்க்கும் பாடத்துக்குப் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்களாம். திரையில் கரப்பான் மல்லாந்து படுத்திருக்கும். மாணவர்கள் மவுஸைப் பிடித்துக்கொண்டு கத்தரியை நகர்த்த வேண்டும். தப்பாக வெட்டிவிட்டால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், கரப்பான் மறுபடியும் முழுசாகிவிடும்.

"நல்ல ஏற்பாடு" என்றேன்.

"மேடம், பசங்க ஒரு கேள்வி கேக்குறாங்க. நீங்கள்லாம் நிஜக் கரப்பானை அறுத்தீங்களே, அதுக்கு வலிச்சிருக்குமான்னு. நான் என்ன சொல்ல?"

இந்தக் கேள்வியை நான் வேலை பார்த்த காலம் முழுக்க யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் வேறு யாராவது பதில் சொல்லிவிடுவார்கள், எனக்குச் சொல்ல வேண்டி வந்ததில்லை. இப்போது பதில் சொல்பவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். போனில் முடிகிற காரியமில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் அப்பா ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். என்னை டாக்டராக்கிப் பார்க்க ஆசைப்பட்டார். என் மதிப்பெண் விலங்கியல் வரைக்கும்தான் வந்தது. எம்.எஸ்ஸி முடித்ததும் மதுரையிலேயே ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் செய்முறை வகுப்பு நடத்தும் வேலை கிடைத்தது. பிறகு அங்கேயே படிப்படியாக மேலே போனேன். என் பெயர் ஸ்டெல்லா என்றாலும் மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் 'கரப்பான் மேடம்'. அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

எனக்கு மேலே துறைத் தலைவராக இருந்தவர் தேவராஜ் சார். ஒல்லியான மனிதர். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துவிடும் என்பதால் அவர் திட்டுவதைக் கேட்கப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு செய்முறை வகுப்புக்கு முன்னாலும் கண்ணை மூடி ஒரு வரி ஜெபம் சொல்வார். "ஆண்டவரே, இன்றைக்கு யாருக்கும் கை நடுங்காதிருக்கட்டும்." உடனே கண்ணைத் திறந்து, "குளோரோபார்ம்" என்பார். இரண்டுக்கும் நடுவில் மூச்சுவிடும் இடைவெளிகூட இருக்காது. புதிதாக வந்தவர்கள் குளோரோபார்மும் ஜெபத்தில் சேர்ந்ததுதான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவருடைய முறை கண்டிப்பானது. கண்ணாடி ஜாடிக்குள் பஞ்சில் நனைத்த குளோரோபார்ம் போட்டு, அதில் கரப்பான்களை விட்டு மூட வேண்டும். கால்கள் அடங்கிய பிறகும் எடுக்கக் கூடாது. மூடியைத் திறந்து, உணர்கொம்பை ஊசி முனையால் லேசாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது அசைந்தால் மறுபடி மூட வேண்டும். அசையாவிட்டால் மட்டும் மெழுகுத் தட்டுக்கு மாற்றலாம். இறக்கையைக் கத்தரித்து, குண்டூசிகளை வெளிப்பக்கம் சாய்த்துக் குத்தி, உறுப்புகள் மிதக்கும்படி தண்ணீர் ஊற்ற வேண்டும். பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு போய், முதுகுத் தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். உள்ளே வெள்ளையாகக் கொழுப்பு இருக்கும். அதைத் தூரிகையால் ஒதுக்கினால் குடல் தெரியும். குடலையும் ஒதுக்கினால் அடியில் நரம்பு. வெள்ளை நூல் இரண்டு சேர்ந்து ஓடும், இடையிடையே முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். அதன் அடியில் கறுப்புக் காகிதத்தைச் செருகிவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். தேவராஜ் சார் வந்து குனிந்து பார்த்து, "ம்" என்பார். அந்த 'ம்'முக்காக நான் முதல் வருடம் முழுக்கப் பாடுபட்டேன்.

ஒரு வகுப்பில், கால்பந்து அணியில் கோல்கீப்பராக இருந்த ஒரு பையன் அவசரப்பட்டு ஊசிச் சோதனை செய்யாமல் கரப்பானைத் தட்டில் குத்திவிட்டான். முதுகைத் திறந்த நேரத்தில் அதன் கால்கள் தண்ணீரில் நீந்தத் தொடங்கின. பையன் அதைப் பார்த்தபடியே பின்பக்கமாகச் சாய்ந்து தரையில் விழுந்தான். தேவராஜ் சார் மெதுவாக நடந்து வந்தார்.

"மேடம், தம்பியைத் தூக்கிக் காத்தாட உக்கார வைங்க. கரப்பானுக்கு இன்னும் ரெண்டு சொட்டு."

தெளிந்து எழுந்ததும் பையன் கேட்ட முதல் கேள்வி, "சார், அதுக்கு வலிச்சிருக்குமா?"

"வலிக்காது. அது ரிஃப்ளெக்ஸ்" என்றார் சார். "சூட்டைத் தொட்டா கை தானா இழுத்துக்கும். அதுக்கப்புறம் உள்ள ஒருத்தர் உக்காந்து 'ஐயோ'ன்னு சொல்றாரே, அதுதான் வலி. கரப்பானுக்குள்ள அப்படி ஒருத்தர் உக்கார இடம் இல்ல."

"அப்புறம் எதுக்கு சார் கொம்பைத் தொட்டுப் பார்த்துட்டு அறுக்கச் சொல்றீங்க?"

"அசைஞ்சா ஊசி சாயும்."

அவர் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. சொல்லப்போனால் பூச்சிகள் அவர் பக்கம்தான் சாட்சி சொல்லின. நான் வளர்த்த வெட்டுக்கிளி ஒன்றின் பின்னங்கால் கூண்டுக் கதவில் நசுங்கிப் போனது. அது நொண்டவில்லை. நசுங்கிய காலையும் மற்றக் கால்களைப் போலவே அழுத்தி ஊன்றி நடந்து போய்ப் புல்லைத் தின்றது. நமக்குக் கால் விரலில் கல் பட்டாலே அன்றைய நாள் போய்விடும். ஆனால் மழைக்காலத்தில் வகுப்புக்கு வரும் அட்டையை எடுத்துக்கொண்டால் அதன் ஒவ்வொரு கண்டத்திலும், கிள்ளுவது, சுடுவது போன்ற தீங்குகளுக்கு என்றே தனியாக நரம்பணுக்கள் உண்டு. இருந்தால் என்ன, அது அலாரம் மட்டும்தானே, வீட்டில் ஆள் இருப்பதாக ஆகிவிடுமா என்பார் சார். நானும் அதையே பாடமாக நடத்தினேன். பரீட்சையில் அப்படி எழுதியவர்களுக்கு மதிப்பெண்ணும் போட்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் பாண்டிச்செல்வி என்னிடம் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தாள். செல்லூரில் அவளுடைய அப்பா ஒரு மெஸ் நடத்தினார். அந்தப் பக்கத்துத் தறிக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் சாப்பிடுவார்கள். கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது நண்டு ஆம்லெட். நகரத்தின் மறுகோடியிலிருந்துகூட அதற்காக வண்டியெடுத்து வருவார்கள்.

"என்ன தலைப்பும்மா யோசிச்சிருக்க?" என்றேன்.

"நண்டுக்கு வலி தெரியுமான்னு பாக்கணும் மேடம்."

"ஏன் நண்டு?"

"சின்ன வயசுலருந்து அடுக்களையில அதோட சத்தத்தக் கேட்டே வளந்தேன் மேடம். ஓட்டப் பிய்க்கிற சத்தம். அப்பாகிட்ட கேட்டா அதுக்கு வலிக்காதுன்னுருவாரு. காலேஜுக்கு வந்தா சாரும் அதையேதான் சொல்றாரு. ரெண்டு பேருமே பாத்துட்டுச் சொல்லல."

தேவராஜ் சாரிடம் தலைப்பைக் கொண்டுபோனேன். "வலி இல்லைன்னு நிரூபிக்கப் போறாங்கன்னா சரி" என்றார். பிறகு, "இருக்குன்னு வந்தாலும் சரி. ஆனா நான் கேள்வி கேப்பேன்" என்றார்.

விலங்குகளை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்குக் கல்லூரியில் நெறிமுறைக் குழு உண்டு. நாங்கள் போனபோது குழுவில் ஒரு கால்நடை மருத்துவரும், வெளியாள் என்ற முறையில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் இருந்தார்கள். மருத்துவர் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"நண்டா? இது நம்மகிட்ட வராதே."

"ஏன், நண்டு விலங்கு இல்லையா?" என்றார் வங்கிக்காரர்.

"விலங்குதான் சார். இந்தக் கமிட்டிக்கு இல்ல. நம்ம விதியில முதுகெலும்பு இருக்கறதுதான் வரும்."

"அப்ப இவங்க நண்டை என்ன வேணாலும் செய்யலாமா?"

"செய்யலாம்."

"அதுக்கு வலிக்குமா வலிக்காதான்னு தெரியாதுல்ல?"

"அதைத்தான் சார் இவங்க கண்டுபிடிக்கப் போறாங்க."

"கண்டுபிடிச்சு, வலிக்குதுன்னு வந்துட்டா?"

மருத்துவர் எங்கள் விண்ணப்பத்தை மூடி ஓரமாக வைத்தார். பிறகு, "அடுத்து எலி சார்" என்று அடுத்த விண்ணப்பத்தை எடுத்தார்.

அதனால் செல்வி தனக்கான விதிகளைத் தானே வகுத்துக்கொண்டாள். நண்டுகளைக் கீழக்குயில்குடிப் பக்கத்துக் கண்மாய் வரப்புகளில் வளையிலிருந்து பிடிப்பது, வேலை முடிந்ததும் அதே வரப்பில் கொண்டுபோய் விடுவது. எந்த நண்டையும் ஒரு சில தடவைக்கு மேல் சோதிக்கக் கூடாது. தன் விரலில் வைத்துப் பார்க்காத மின்சாரத்தை நண்டுக்குக் கொடுக்கக் கூடாது. நானும் ஈர விரலை வைத்துப் பார்த்தேன். கட்டெறும்பு கடித்த மாதிரி இருந்தது. தேவராஜ் சாரைக் கூப்பிட்டோம். "என் விரலும் நண்டும் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

சோதனை எளிமையானது. நீளமான கண்ணாடித் தொட்டி, அடியில் மணல், கொஞ்சம் தண்ணீர். இரண்டு முனையிலும் உடைந்த பானை ஓட்டைக் கவிழ்த்து இரண்டு வளை. மேலே டியூப்லைட். நண்டுக்கு வெளிச்சம் ஆகாது. நடுவில் விட்டால் இரண்டில் ஒரு ஓட்டுக்கு அடியில் ஓடி ஒளியும். ஒரு ஓட்டின் அடியில் மட்டும் கம்பி புதைத்திருந்தது. நண்டு அங்கே போனால் செல்வி பொத்தானை ஒரு நொடி அமுக்குவாள். நண்டு வெளியே ஓடிவரும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நடுவில் விடுவாள்.

முதலில் எல்லா நண்டும் ஷாக் அடித்த ஓட்டுக்கே திரும்பிப் போயின. தேவராஜ் சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். "ரிஃப்ளெக்ஸ்" என்றார். ஒரு நண்டு ஷாக் பட்டதும் தன் காலைத் தானே கழற்றிப் போட்டுவிட்டு நடந்து போனது. கழன்ற கால் மணலில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. "அதுவும் ரிஃப்ளெக்ஸ்" என்றார். செல்வி அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை. அந்த நண்டை அப்போதே கண்மாய்க்குக் கொண்டுபோகிறேன் என்று பஸ் ஏறிப் போய்விட்டாள்.

திரும்பத் திரும்பச் செய்தபோதுதான் மாற்றம் தெரிந்தது. பெரும்பாலான நண்டுகள் மெல்ல மெல்ல அடுத்த ஓட்டுக்குப் போகத் தொடங்கின. சில நண்டுகள் கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை. எங்கள் பி.எஸ்ஸி வகுப்பும் ஏறக்குறைய அந்த விகிதத்தில்தான் இருந்தது.

"இடப்பக்கம் பழக்கமா இருக்கலாம். ஓட்டை மாத்தி வை" என்றார் சார். மாற்றி வைத்தாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். "வாசனையா இருக்கலாம். மணலை மாத்து." மாற்றினாள். சார் விரோதத்தில் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் செய்திருக்கிறார், யாருக்கும் அப்படித்தான்.

அந்த நாட்களில் ஒரு காலை, சார் தொட்டியைப் பார்க்க வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவது அவர் வழக்கம். வெளிர் நிறத் தரையில் அவர் நடந்து வந்த வழியெல்லாம் சிவப்பாகப் புள்ளி வைத்த மாதிரி இருந்தது.

"சார், கால்ல என்ன?" என்றேன்.

அவர் நின்று, மேசையைப் பிடித்துக்கொண்டு பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். யாரோ தவறவிட்ட அறுப்பு ஊசி ஒன்று தலை வரைக்கும் உள்ளே ஏறியிருந்தது. செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். சார் ஸ்டூலில் உட்கார்ந்து, மேசையிலிருந்த இடுக்கியை எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்து, ஊசியை நேராக இழுத்தார். முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தெரியலையே" என்றார்.

அவருக்குச் சர்க்கரை இருப்பது எங்களுக்குத் தெரியும். கால் மரத்துப் போயிருந்தது அவருக்கே தெரியவில்லை. புண் ஆறாமல் போய், ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். அவர் திரும்பி வந்தபோது காலில் கறுப்பாக, குஷன் வைத்த செருப்பு போட்டிருந்தார். அதைக் கழற்றாமலே லேபுக்குள் வந்தார். தொட்டிக்கு முன்னால் நின்று, "என்னாச்சு?" என்று மட்டும் கேட்டார். 'ரிஃப்ளெக்ஸ்' என்ற சொல்லை அன்று அவர் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் ஒரு மாலைப் பத்திரிகை நிருபருக்கு எப்படியோ விஷயம் போய்விட்டது. 'நண்டுக்கும் வலிக்கும்: செல்லூர் மாணவி கண்டுபிடிப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். செல்வியின் படம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அவளுடைய அப்பாவின் மெஸ்ஸைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் அவளுடைய அப்பா பாண்டி கல்லூரிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மேடம், எம்பொண்ணு படிக்கிறத நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அது படிக்கிற படிப்புல நான் பாவியா ஆகணுமா?"

"யாரும் அப்படிச் சொல்லலண்ணே."

"தறிக்காரப் பயலுக கடைக்கு வந்து, 'அண்ணே, வலிக்காத நண்டாப் பாத்து ஒரு ஆம்லெட் போடுங்க'ங்கிறான். முத நா நானும் சிரிச்சேன். தெனமும் சிரிக்க முடியுமா? ஒரு அம்மா வந்து, கடை வாசல்ல நின்னு என்னயப் பாத்துட்டு, சாப்புடாமயே போயிருச்சு. அது பாத்த பார்வை இருக்கே..."

"வலிக்குதுன்னு நாங்க இன்னும் முடிவே பண்ணலண்ணே."

"அப்ப பேப்பர்ல?"

"அது பேப்பர்."

அவர் கொஞ்சம் தணிந்தார். "வீட்டுல எங்கூடப் பேச மாட்டேங்குது மேடம். நானும் பேசல. அவுக ஆத்தாதான் ரெண்டு பக்கமும் சேதி சொல்லிட்டுத் திரியிறா. நீங்க ஒருக்கா கடைக்கு வாங்க. நான் என்ன கொடுமை பண்றேன்னு நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க."

அதே வாரம் முதல்வரும் கூப்பிட்டு அனுப்பினார். கல்லூரியின் பெயர் நண்டோடு சேர்ந்து வருவதை நிர்வாகம் விரும்பவில்லை என்றார். தலைப்பை 'நண்டின் ஊட்டச்சத்து' என்று மாற்றிக்கொள்ளலாமே என்றார். அடுத்த மறுஆய்வுக் கூட்டத்தில் முடிவு சொல்லியாக வேண்டும். தலைப்பு மாறினால் செல்வி அதுவரை செய்ததெல்லாம் வீண். அவள் ஆராய்ச்சியையே விட்டுவிடுவாள் என்றும் எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை செல்லூருக்குப் போனேன். சந்துக்குள் தறிச் சத்தம். அதைத் தாண்டித்தான் பேச வேண்டியிருந்தது. மெஸ்ஸின் பின்பக்கம் அடுக்களை. கூடையில் கொடுக்குகள் கட்டப்பட்ட நண்டுகள், பாதிக்கு மேல் உயிரோடு இருந்தன. செல்வி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரவில்லை.

பாண்டி ஒரு நண்டை எடுத்தார். கட்டை அறுத்தார். இடது கையால் அமுக்கி, வலது கைக் கட்டைவிரலை ஓட்டின் ஓரத்தில் கொடுத்து ஒரே இழுப்பு. அந்தச் சத்தத்தை முதல் தடவையாகக் கேட்டேன். பிறகு உடலை இரண்டாக உடைத்துக் கல்லின் மேல் வைத்தார். கால்கள் காற்றில் எதையோ தேடுகிற மாதிரி அசைந்தன. எல்லாம் மிகச் சுத்தமாக, வேகமாக நடந்தது. தேவராஜ் சார் பார்த்திருந்தால் 'ம்' என்றிருப்பார்.

"பாத்தீங்களா மேடம்? அதுபாட்டுக்கு ஆடும். செத்த பொறகும் ஆடும்."

"செத்த பொறகு இல்லப்பா" என்றாள் செல்வி. "ஓட்ட எடுத்த பொறகு."

அப்பாவும் மகளும் பேசிக்கொண்டு எத்தனையோ நாளாகியிருக்க வேண்டும். அடுப்படியில் நின்ற அவளுடைய அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

பாண்டி கூடையிலிருந்து இன்னொரு நண்டை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். "அப்ப நீ செய்யி. படிச்சவ எப்படிச் செய்வேன்னு பாக்குறேன்."

செல்வி உள்ளே வந்தாள். ஒரு வாளியில் குளிர்பானப் பெட்டியிலிருந்த ஐஸைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். நண்டை அதற்குள் விட்டாள். அது கொஞ்ச நேரம் வாளியைச் சுரண்டியது. பிறகு நின்றது. முன்பக்கத்திலிருந்து ஆர்டர் சொல்லும் குரல் கேட்டது. நான்கு பேரும் வாளியைச் சுற்றி நின்று ஐஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவள் நண்டை வெளியே எடுத்து, கண்ணை விரலால் தொட்டாள். மரத்துப்போகாத நண்டு கண்ணை உள்ளே இழுத்துக்கொள்ளும். இது இழுக்கவில்லை. மல்லாத்தினாள். வயிற்றில் மடங்கியிருக்கும் மூடியைத் தூக்கி, அடியில் நரம்பு முடிச்சு இருக்கும் இடத்தில் சாக்கு ஊசியை இறக்கினாள். பிறகு அப்பா செய்த மாதிரியே ஓட்டைப் பெயர்த்தாள். கால்கள் தொங்கிக்கொண்டு இருந்தன.

ஐஸில் போட்டால் மரத்துப்போகிறது என்பது நம்முடைய எண்ணம்தான், அதையும் நண்டிடம் கேட்டு உறுதி செய்ய முடியாது என்பதை நான் சொல்ல நினைத்தேன். அது அதற்கான நேரமில்லை என்று விட்டுவிட்டேன்.

பாண்டி அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கெழமைக் கூட்டத்துல இம்புட்டு நேரம் எவன் காத்துக்கெடப்பான்?" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார். எனக்கு ஆம்லெட் வந்தது. எந்த நண்டு என்று நான் கேட்கவில்லை.

மறுஆய்வுக் கூட்டத்துக்கு முன்னால் செல்வி கடைசியாக ஒரு சோதனை செய்தாள். தொட்டியில் ஒரே ஒரு ஓடு, அதிலும் கம்பி. அதை விட்டால் வெளிச்சம்தான். ஷாக் அடித்தால் நண்டுகள் பெரும்பாலும் வெளியே வந்து வெளிச்சத்தில் நின்றன. பிறகு அட்டையில் ஒரு கொக்கை வெட்டி, தொட்டிக்கு மேலே நூலில் கட்டி ஆட்டினாள். வயல் நண்டுக்குக் கொக்கைவிடப் பெரிய எமன் கிடையாது. கொக்கின் நிழல் விழுந்ததும் அதே நண்டுகள் ஓட்டுக்கு அடியிலேயே இருந்துகொண்டன. ஷாக் அடித்தபோதும் வெளியே வரவில்லை. கொக்கை எடுத்தால் வந்தன.

கூட்டத்தில் முதல்வர், வேறு துறைப் பேராசிரியர் ஒருவர், தேவராஜ் சார், நான். செல்வி படங்களைக் காட்டி முடித்தாள். முதல்வர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஊட்டச்சத்து பற்றிப் பேச ஆரம்பித்தார். தேவராஜ் சார் கையை லேசாகத் தூக்கினார். அவர் பேசியபோது எல்லாரும் முன்பக்கமாகக் குனிந்தோம். குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது.

"கொக்கு இருந்தா தாங்கிக்குது. கொக்கு இல்லன்னா தாங்க மாட்டேங்குது. வெறும் ரிஃப்ளெக்ஸுக்குக் கொக்கு இருக்கா இல்லையான்னு எதுக்குத் தெரியணும்?"

முதல்வர் என் பக்கம் திரும்பினார். அவர் வேதியியல்காரர்.

"உள்ள உக்காந்து யாரோ கணக்குப் போடுறாங்க" என்றார் சார். "அவங்க 'ஐயோ'ங்கிறாங்களான்னு இந்தப் பொண்ணு சொல்லல. சொல்லவும் முடியாது. ஆனா உள்ள இடம் இல்லன்னு நான் இத்தனை வருஷமா வகுப்புல சொல்லிட்டிருந்தேன். இனிமே அதை நான் சொல்ல முடியாது." பிறகு தன் கறுப்புச் செருப்பை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "தலைப்பு இருக்கட்டும்."

தலைப்பு இருந்தது. அடுத்த கல்வியாண்டில் அவர் ஓய்வு பெற்றார்.

செல்வியின் ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வுக்கு அவர் கைத்தடியோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். கடைசி வரிசையில் பாண்டி. மகள் கூப்பிடவில்லை, மனைவி சொல்லி வந்திருந்தார். தேர்வாளர் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த பேராசிரியர். பெரிய மனிதர், நல்ல சாப்பாட்டுப் பிரியர் என்று பார்த்தாலே தெரியும். ஆங்கிலத்தில் நிறையக் கேள்வி கேட்டார். செல்வி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பூச்சிக்கும் இது பொருந்துமா என்று கேட்டபோது, "நண்டைப் பத்தி மட்டும்தான் சார் நான் பேச முடியும்" என்றாள். கவிதா, உன் மாணவர்களுக்கு நீயும் அதைச் சொல்லலாம். கரப்பானைப் பற்றிச் சொல்லக் கூடியவர் இன்னும் என் கண்ணில் படவில்லை.

முடிவில், வழக்கப்படி, பார்வையாளர்கள் யாராவது கேள்வி கேட்கலாம் என்றார் தேர்வாளர். வழக்கப்படி யாரும் கேட்க மாட்டார்கள். பாண்டி எழுந்து நின்றார். செல்வியின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"தமிழ்ல கேக்கலாமா சார்?"

"கேளுங்க."

"சேத்துல கெடக்குற பெரிய களி நண்டா இருந்தா ஐஸ்ல எம்புட்டு நேரம் கெடக்கணும்? கடல் நண்டு சின்னது, சட்டுனு அடங்கிருது. போன வாரம் களி நண்டு ஒண்ண அவசரப்பட்டு எடுத்துட்டேன். தொட்டுப் பாத்தா கண்ண உள்ள இழுத்துச்சு."

அவர் எப்போதிலிருந்து அப்படிச் செய்கிறார் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. செல்வி டம்ளரை எடுத்தாள். தண்ணீர் குடித்தாள்.

"நான் வயல் நண்டுதான்ப்பா பாத்திருக்கேன். களி நண்டுக்கு எனக்குத் தெரியாது. கண்ண இழுத்தா மறுபடி ஐஸ்ல போட்டுருங்க."

"போட்டுட்டேன்" என்றார் பாண்டி. உட்கார்ந்தார்.

தேர்வாளர் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்ததும் எல்லாரும் கை தட்டினோம். மதியச் சாப்பாடு செல்லூர் மெஸ்ஸிலிருந்து வந்திருந்தது. பாண்டியே நின்று பரிமாறினார். சீரகச் சம்பா பிரியாணி, சுக்கா, தயிர் வெங்காயம், முட்டை ஆம்லெட். தேர்வாளர் ஒவ்வொரு பாத்திரமாக எட்டிப் பார்த்தார்.

"உங்க கடையில நண்டு ஆம்லெட் ரொம்ப விசேஷம்னு சொன்னாங்களே, இல்லையா?"

"கடையில இருக்கு சார். நாளைக்கு வாங்க, சுடச்சுடப் போட்டுத் தாரேன்" என்றார் பாண்டி. "இன்னைக்கு மட்டும் அதுக்கு லீவு விட்டிருக்கேன்."

தேர்வாளர் முட்டை ஆம்லெட்டில் இரண்டு எடுத்து வைத்துக்கொண்டார்.